சமையல் மேடையைக் கிரானைட்டாக மாற்றுதல் (வேம்பார்க் கடற்கரை)

சமையல் மேடையைக் கிரானைட்டாக மாற்றுதல் என்பது, அடுக்களையில் ஏற்கெனவே உள்ள கடப்பா கல், மொசைக் அல்லது சிமெண்டுப் பூச்சு மேடையின் மேற்பரப்பை எடுத்துவிட்டு மெருகேற்றிய கிரானைட் பலகையைப் பதிக்கும் வேலையாகும். தமிழ்நாட்டில் பழைய வீடுகளைச் செப்பனிடுவோர் பெரும்பாலும் முதலில் கைவைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. உள்நாட்டு ஊர்களில் இது பெரும்பாலும் கல்லைத் தேர்ந்தெடுப்பதோடும் செலவோடும் முடிந்துவிடும். கடலோர ஊர்களில் அப்படி முடிவதில்லை. அங்கே மேற்கல்லைவிட அதைத் தாங்கும் கான்கிரீட் பலகைதான் முதலில் கவனிக்க வேண்டியது. தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்தில் மன்னார் வளைகுடாவை ஒட்டிய வேம்பாரும் அதைச் சூழ்ந்த கடற்கரையும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வேம்பார், தூத்துக்குடிக்கு வடகிழக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், இராமநாதபுரம் மாவட்ட எல்லையை ஒட்டி உள்ளது. முத்துக்குளித்துறையின் ஏழு பழைய பரதவர் ஊர்களில் ஒன்று. மீன்பிடியோடு பனைத்தொழிலும் இங்கு உண்டு; வேம்பார்க் கருப்பட்டிக்குத் தென்மாவட்டங்களில் தனிப் பெயர். மீன், புளி, மஞ்சள், சூடான பாகு, உப்புக்காற்று ஆகிய ஐந்தும் ஒரு சமையல் மேடையைச் சோதிப்பதற்குப் போதுமானவை.

தரையிலிருந்து மேடைக்கு

நின்றுகொண்டு சமைக்கும் மேடை தமிழக வீடுகளுக்கு ஒப்பீட்டளவில் புதியது. விறகடுப்பு தரையில் இருந்தது. அரிவாள்மணையில் உட்கார்ந்தே காய் நறுக்கினர். மீனை முற்றத்திலோ புழக்கடையிலோ ஆய்ந்தனர். கல் என்பது அம்மியாகவும் ஆட்டுக்கல்லாகவும் உரலாகவும் அடுக்களைக்குள் வந்தது. கடலோர மணல் நிலத்தில் கருங்கல் கிடையாது என்பதால் அவையும் உள்நாட்டிலிருந்து வண்டியேறி வந்தவையே. தேய்ந்த அம்மியைக் கொத்திக் கொடுக்கத் தெருத்தெருவாகக் கூவி வரும் தொழிலாளரைப் பலருக்கும் நினைவிருக்கும். ஆகவே கிரானைட் இந்த அடுக்களைகளுக்குப் புதுவரவு அல்ல. உட்கார்ந்திருந்த கல் எழுந்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

மேடையைக் கொண்டுவந்தது முதலில் மண்ணெண்ணெய் அடுப்பு, பிறகு எரிவாயு. இண்டேன் சமையல் எரிவாயு 1965-இல் அறிமுகமானது. நீண்ட காலம் அது நகரத்து வசதியாகவே இருந்தது. தமிழ்நாட்டில் 2007-இல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016-இல் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் சிற்றூர் வீடுகளுக்கு அடுப்பைக் கொண்டு சேர்த்தன. அடுப்பு உருளையைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது எரிவாயுப் பாதுகாப்பு விதி. எனவே அடுப்பு வந்த வீட்டில் மேடையும் வந்தாக வேண்டியதாயிற்று. அப்போது கையில் இருந்த பணத்துக்கு ஏற்பச் செங்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் மெல்லிய கான்கிரீட் பலகை ஊற்றி, மேலே சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்டோ கடப்பா கல்லோ போட்ட மேடைகளே இப்போது மாற்றத்துக்கு வந்து நிற்பவற்றில் பெரும்பாலானவை.

கடப்பா கல் ஏன் வெளுக்கிறது

கடப்பா கல் ஆந்திர மாநிலத்தின் கடப்பா, கர்னூல் பகுதிகளில் வெட்டப்படும் சுண்ணாம்புப் பாறை. அடுக்கடுக்காக அமைந்திருப்பதால் பலகையாகப் பிளப்பது எளிது. அதனால் விலையும் குறைவு. அதன் குறை அதன் வேதியியலிலேயே இருக்கிறது. சுண்ணாம்புப் பாறையின் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட்டு. அமிலம் பட்டால் அது கரையும். புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், மோரில் லாக்டிக் அமிலம். நாள்தோறும் மீன்குழம்புக்குப் புளி கரைக்கும் இடத்தில் கருங்கல் போலத் தோன்றிய மேற்பரப்பு சாம்பல் நிறமாக வெளுப்பதற்கு இதுவே காரணம். அது அழுக்கன்று, கல்லின் மெருகு கரைந்து போன தடம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கழிவறை கழுவும் ஆசிட்டைக் கொண்டு தேய்த்தால் இன்னும் மோசமாகும்.

கடினத்திலும் வேறுபாடு பெரிது. மோவின் அளவுகோலில் கால்சைட்டு 3, கிரானைட்டிலுள்ள பெல்ட்சுபார் 6, குவார்ட்சு 7. சமையல் கத்தியின் எஃகு ஏறத்தாழ ஐந்தரை. கடப்பா கல்லில் கத்தி கோடு போடும். கிரானைட்டில் கத்திதான் மழுங்கும். கடப்பா கல்லின் அடுக்குகளுக்கு இடையே நீர் இறங்கிச் சிறு சில்லுகளாகப் பெயர்வதும் உண்டு. மீன் கழுவும் தொட்டியின் விளிம்பில் இந்தப் பெயர்ச்சி முதலில் தெரியும். அந்தப் பிளவுகளில் தங்கும் செதிலும் இரத்தமும்தான் எத்தனை முறை கழுவினாலும் போகாத வாடைக்குக் காரணம்.

இருந்தாலும் கடப்பா கல்லை முற்றிலும் ஒதுக்குவது நியாயமன்று. அமிலமும் கத்தியும் படாத அலமாரித் தட்டுகளுக்கு அதைவிடச் சிக்கனமான கல் கிடைப்பது அரிது.

கிரானைட் என விற்கப்படுவது எது

நிலவியலில் கிரானைட் என்பது குவார்ட்சு, பெல்ட்சுபார், மைக்கா ஆகியவை கலந்த, நிலத்தடியில் மெல்லக் குளிர்ந்து இறுகிய தீப்பாறை. கடைச் சொல்வழக்கு இதைவிடத் தாராளமானது. மெருகேற்ற வல்ல கடினமான பாறை எல்லாமே கடையில் கிரானைட்தான். விழுப்புரம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலிருந்து வரும் கறுப்புப் பலகைகள் உண்மையில் டோலரைட்டு வகை. கிருஷ்ணகிரிப் பகுதியின் அலையலையான 'பாரடைசோ' ஒரு கலப்புப் பாறை. 'காஷ்மீர் ஒயிட்' என்னும் பெயரைக் கேட்டு வடக்கே நோக்க வேண்டியதில்லை. அது மதுரைப் பக்கத்துக் கல்.

இந்த வேறுபாடு வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. காஷ்மீர் ஒயிட் போன்ற வெளிர்நிறக் கற்களில் சிவந்த கார்னெட்டுப் புள்ளிகள் இருக்கும். அவற்றில் இரும்பு உண்டு. நுண்துளைகளும் கறுப்புக் கல்லைவிட அதிகம். அடியிலிருந்து ஈரமும் உப்பும் ஏறும் கடற்கரை வீட்டில் இக்கல்லில் பழுப்புக் கறை படர வாய்ப்பு மிகுதி. மஞ்சளும் எளிதில் இறங்கும். படத்தில் அழகாகத் தெரியும் வெள்ளைக் கல்லைவிட, அடர்த்தியான கறுப்புக் கல்லே இந்தக் கடற்கரையின் மீன் சமையலுக்கு ஏற்றது என்று தயங்காமல் சொல்லலாம். கறுப்பில் தண்ணீர்த் தடமும் உப்புத் திட்டும் பளிச்சென்று தெரியும் என்பது அதன் தொல்லை. ஆனால் அது துடைத்தால் போகும் தொல்லை.

கடையில் செய்யக்கூடிய சோதனைகள் எளியவை. பலகையின் ஓரத்தில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்தால், சுண்ணாம்புக் கல்லாக இருந்தால் அங்கே மெருகு மங்கியிருக்கும். தண்ணீர்த் துளி விட்ட இடம் சில நிமிடங்களில் கறுத்தால் அக்கல் நீரை உறிஞ்சுகிறது என்று பொருள். மங்கலான கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பாக்கி விற்பதும் நடப்பதால், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் கறுப்பு ஒட்டினால் வேறு பலகை பார்க்கலாம். பலகை முழுவதையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால், மற்ற இடம் காய்ந்த பிறகும் மயிரிழைக் கோடாக ஈரம் நிற்கும் இடத்தில் விரிசல் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கிரானைட் வெட்டுவதற்கென்றே அரசு நிறுவனம் உண்டு. தமிழ்நாடு கனிம நிறுவனம் (டாமின்) 1978-இல் தொடங்கப்பட்டது. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திலிருந்து வெளிநாடு செல்லும் சரக்குகளில் கிரானைட்டும் ஒன்று. இத்தொழிலுக்கு இருண்ட பக்கமும் இருக்கிறது. மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் நடந்த முறைகேடான குவாரிகளைப் பற்றி அப்போதைய ஆட்சியர் உ. சகாயம் 2012-இல் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. அறிக்கை 2015-இல் தாக்கலானது. கண்மாய்களும் குன்றுகளும் அழிந்த கதை அது.

கடலோர வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது

மேடைக்கு அடியில் குனிந்து பார்ப்பதுதான் முதல் வேலை. கான்கிரீட் பலகையின் அடிப்பக்கத்தில் கம்பி ஓடும் வரிசையில் பழுப்புக் கோடுகள், வெடிப்பு, பொருக்கு உதிர்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த வீக்கம் கான்கிரீட்டைக் கீழ்நோக்கித் தள்ளிப் பிளக்கிறது.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி அதைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 (2000) வரையறுக்கிறது. கடற்கரையில் அள்ளிய மணல், உவர்க் கிணற்று நீர் ஆகியவற்றைக் கொண்டு கலவை போட்ட பழைய மேடைகளில் இந்த அளவு முதல்நாளே தாண்டியிருக்கக்கூடும். மேடை சிறிய வேலைதானே என்று, கூரைக்கு வாங்கிய நல்ல மணலைத் தனியே வைத்துவிட்டு மேடைக்கு மட்டும் அருகில் கிடைத்ததைப் போடுவது எந்தக் கடலோர ஊருக்கும் அந்நியமான பழக்கமன்று. மீன் கழுவிய உப்புநீரும் பல ஆண்டுகள் மேலிருந்து இறங்கியிருக்கும்.

இப்படிப்பட்ட பலகையின்மேல் கிரானைட் பதித்தால் மேலே புதுமேடையும் கீழே உதிரும் மேடையும் ஆகிவிடும். எடைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். கிரானைட்டின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2.7 கிராம். 18 மி.மீ. தடிப்பில் ஒரு சதுர அடி ஏறத்தாழ நாலரைக் கிலோ. பத்தடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள மேடைக்குக் கல் மட்டும் சுமார் 90 கிலோ. அடர்த்தி மிகுந்த கறுப்புக் கல்லானால் நூறு. அடியில் ஓர் அங்குலக் கலவை போட்டால் அதுவும் ஏறத்தாழ நூறு கிலோ. அதன்மேல் அடுப்பும், நிறைந்த குடங்களும், சில வீடுகளில் மாவரைக்கும் இயந்திரமும். கம்பி அரித்துப்போன பலகையிடம் இதைத் தாங்கும்படி கேட்க முடியாது.

பலகை பழுதானால் அதை உடைத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே சரியான வழி. ஆற்றுமணலோ எம்-சாண்டோ, நன்னீர், கம்பிக்கு அடியில் போதிய கான்கிரீட் மூடல் ஆகியவை இருந்தால் போதும். மாற்றாக, கான்கிரீட்டையே தவிர்த்து, இரண்டடிக்கு ஒரு செங்கல் குறுக்குச் சுவரோ நிறுத்திவைத்த கடப்பா பலகையோ எழுப்பி அவற்றின்மேல் கிரானைட்டை நேரடியாகப் பதிக்கலாம். துருப்பிடிக்க எதுவுமே இல்லாத இம்முறை கடலோரத்துக்கு மிகவும் பொருந்தும். இரும்புச் சட்டத்தின்மேல் கல் வைப்பது இங்கு வேண்டாத வேலை; வண்ணம் பூசிய இரும்பும் உப்புக்காற்றில் சில ஆண்டுகளில் பொரியும்.

சுவரையும் பார்க்க வேண்டும். முத்துக்குளித்துறையின் பழைய வீடுகள் பலவற்றில் சுவர் முருகைக்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் ஆனது. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை வெட்டியெடுப்பது கட்டுமானத்துக்கும் சுண்ணாம்புக்கும் நெடுங்காலம் நடந்த தொழில். வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வேம்பாருக்கு எதிரே உள்ள உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணித் தீவுகளும் அந்தப் பூங்காவில் அடங்கியவையே. முருகைக்கல் இலேசானது, துளைகள் மிகுந்தது. துளையிட்டுத் தாங்கி அடித்தால் பிடிக்காது. அத்தகைய சுவரில் மேடையின் பாரத்தை ஏற்றாமல், சுவரை ஒட்டித் தனியாக ஒரு செங்கல் தாங்கு சுவர் எழுப்பி அதன்மேல் கல்லை வைப்பதே நல்லது. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுப் பூச்சும் ஆகாது. உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே தின்னும்.

வேலை நடக்கும் முறை

அளவெடுப்பதற்கு முன் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேற்பரப்பு அமைவது வசதி. பெரும்பாலோருக்கு இது 32 முதல் 34 அங்குலத்தில் வரும். பழைய கல்லைப் பெயர்க்காமல் அதன்மேலேயே பதித்தால் மேடை ஒன்றரை அங்குலம் வரை உயரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வேலைக்காரர் வழக்கமான அளவைச் சொல்வார். அந்த மேடையில் நாள்தோறும் நிற்கப்போகிறவரைக் கேட்டு முடிவு செய்வதே முறை.

பழைய வீட்டுச் சுவர்கள் மூலைமட்டத்துக்கு ஒத்து வருவதில்லை. எனவே நீளத்தை முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் அளக்க வேண்டும். தொட்டியை முதலில் வாங்கி அதன் அளவுக்கே துளை வெட்ட வேண்டும். கல் நெருக்குவிசையை மிக நன்றாகத் தாங்கும். வளைவிசையைத் தாங்குவதில் அதன் வலிமை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகையால் கல் உடைவது பெரும்பாலும் தொட்டித் துளைக்கு முன்னும் பின்னும் எஞ்சும் ஒடுங்கிய பட்டைகளில்தான். துளையின் மூலைகளைக் கூராக வெட்டினால் விரிசல் அங்கிருந்தே கிளம்பும். வளைவாக வெட்டச் சொல்ல வேண்டும். வண்டியிலிருந்து இறக்கும்போதும் பலகையை நிறுத்தியே தூக்க வேண்டும், படுக்கவைத்து அல்ல.

பதிக்கும்போது கலவை முழுப் பரப்பிலும் படிய வேண்டும். நான்கு மூலையில் மட்டும் குவியல் வைத்துப் பதித்த கல்லைத் தட்டினால் பொள்ளல் ஓசை கேட்கும். பிற்பாடு ஒரு நாள் தேங்காய் உடைக்கும்போது அந்த இடம் பிளக்கும். ரசமட்டம் வைத்துப் பார்க்கையில் தொட்டியை நோக்கி மிகச் சிறிய சரிவு விடுவது நல்லது. முன்விளிம்பின் அடிப்பக்கத்தில் ஓர் இழை குழி கீறிவிட்டால், வழியும் தண்ணீர் அடிக்கல்லை ஒட்டி உள்ளே ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும். சுவரும் கல்லும் சேரும் இடத்தைச் சிமெண்டால் மூடுவதைவிட, நெகிழும் சிலிக்கான் பசையால் மூடினால் வெடிக்காது.

பெயர்ப்பதும் பதிப்பதும் இரண்டு, மூன்று நாளில் முடியும். கலவை இறுக ஒரு வாரமாவது பாரம் ஏற்றாமல் இருக்க வேண்டும். அந்த நாள்களில் அடுப்பு முற்றத்துக்குப் போகும். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆட்கள் வீட்டில் இருக்கும், மழையும் இல்லாத காலம் அது. ஆனால் வருமானமும் அப்போதுதான் இருப்பதில்லை என்பதால் வேலையை அக்காலத்தில் வைக்க விரும்புவோர் பணத்தை முன்பே ஒதுக்க வேண்டியிருக்கும்.

எரிவாயு

வேலை தொடங்குமுன் ரெகுலேட்டரைக் கழற்றி உருளையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைக்க வேண்டும். மேடை மாற்றும்போதே அடியில் கதவு போட்ட அலமாரி செய்து உருளையை உள்ளே மறைப்பது இப்போது பரவிவரும் பழக்கம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அலமாரிக் கதவின் மேற்பகுதியில் அழகுக்கு வைக்கும் துளைகளால் பயனில்லை. தரையை ஒட்டித் திறப்பு இருந்தாக வேண்டும். புதிய கல்லில் இரப்பர்க் குழாய்க்காக வெட்டும் துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் குழாயை அறுக்கும். விளிம்பைத் தேய்த்து மழுக்க வேண்டும். குழாயின்மேல் அச்சிட்ட காலாவதி ஆண்டைப் பார்த்து மாற்றவும் இதுவே தருணம்.

கல்தூசி

கிரானைட்டை அறுக்கும்போது பறக்கும் வெண்தூசியில் குவார்ட்சு, அதாவது படிகச் சிலிக்கா இருக்கிறது. மூச்சில் சென்ற நுண்துகள் நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். சிலிக்கோசிசு எனப்படும் இந்நோய்க்கு முழுமையான மருத்துவம் கிடையாது. படிகச் சிலிக்காத் தூசியைப் புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் வகைப்படுத்தியது. சிலிக்கா மிக அதிகமாக உள்ள செயற்கைக் குவார்ட்சுப் பலகைகளை, கல் அறுக்கும் இளைஞர்கள் நோயுற்றதைக் கண்டு, ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடை செய்தது. இயற்கைக் கிரானைட்டில் சிலிக்காவின் பங்கு குறைவு என்றாலும், துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மூடிய அடுக்களைக்குள் உலர்ந்த கல்லை அறுப்பவருக்கு அது போதுமான ஆபத்து. பிளேடில் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் தூசி பெருமளவு அடங்கிவிடும். துளைகளைக் கடையிலேயே வெட்டி வாங்குவது, மீதியைத் திறந்த வெளியில் ஈரமாக அறுப்பது, முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 வகை முகமூடி வாங்கிக் கொடுப்பது ஆகியவற்றை வீட்டுக்காரர் கேட்டுச் செய்யலாம். மேடையின் மொத்தச் செலவில் இது கணக்கிலேயே வராத தொகை. சேர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது வீட்டாருக்கும் நல்லது.

பராமரிப்பும் பழைய கல்லும்

நல்ல கிரானைட் மிகக் குறைவாகவே நீரை உறிஞ்சும். எனினும் வெளிர்நிறக் கல்லுக்கு ஊடுருவும் சீலர் பூசி, தண்ணீர் முத்துமுத்தாக நிற்காத நிலை வந்ததும் மீண்டும் பூச வேண்டும். அடர்ந்த கறுப்புக் கல்லுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. அன்றாடத்துக்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போதும். மஞ்சள் கறைமேல் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, மூடி, ஓர் இரவு விட்டுத் துடைத்தால் மங்கும். துருக்கறை நீக்கிகள் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டு. கிரானைட்டையும் அரிக்கவல்ல அமிலம் அது. கருப்பட்டிப் பாகு கொதிக்கும் சட்டியைக் கிரானைட் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறக்கினால், ஒட்டுப் போட்ட இணைப்பு அருகில் இருக்கும்பட்சத்தில் அப்பசை இளகும். அடியில் ஒரு பிரிமணை போதும்.

பெயர்த்த கடப்பா கல் உடையாமல் வந்தால் அதைக் குப்பையில் போடுவதில்லை. அலமாரித் தட்டாகவும், புழக்கடையில் துணி துவைக்கும் கல்லாகவும், மீன் ஆயும் பலகையாகவும் அது இன்னும் பல ஆண்டுகள் வேலை செய்கிறது.